முழங்காலும் போர்வெல் தண்ணீரும்

பர்கூரில் மூட்டு வலி என்று வாய் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஒரு வைத்தியம் சொல்லாமல் விடமாட்டார். வேலியில் படர்ந்திருக்கும் முடக்கத்தானைப் பறித்து மாவோடு அரைத்து தோசை ஊற்றச் சொல்வார். புளிய இலையை வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். நொச்சி, வாதநாராயணன், விளக்கெண்ணெய் என்று அது நீண்டுகொண்டே போகும். இவற்றில் எது கேட்கும், எது கேட்காது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, இது எந்த வலி என்பது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே கூடாது. காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

பர்கூரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் பாறைதான். கிரானைட்டை வெட்டியும் அறுத்தும் மெருகேற்றியும் பிழைக்கும் பகுதி இது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழமையான இந்தப் பாறைகளில் பயோடைட், அபடைட், ஃப்ளூரைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுக்குள் ஃப்ளோரைடு இருக்கிறது. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது அந்த ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்து காரத்தன்மை ஏறிய நீரிலோ அது கரைந்தபடியே நிற்கும். திறந்த கிணறுகள் வற்றி, போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்க, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய இந்தப் பழைய நீர்தான் மேலே வருகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும். நிறம், மணம், சுவை எதிலும் சந்தேகம் வராது.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரையறை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையும் 1.5தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இந்த எல்லை தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர் உடம்பில் ஃப்ளோரைடு எலும்பில் போய்ச் சேர்கிறது. எலும்பின் படிகத்துக்குள் புகுந்து, எலும்பை உண்டாக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. எலும்பு தடிக்கிறது, ஆனால் நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து அவை விறைக்கின்றன. இதன் முதல் அறிகுறி என்ன தெரியுமா? மூட்டு வலியும் முதுகுப் பிடிப்பும்தான். வயதாகிவிட்டது, வாதம் வந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள், வலியை உண்டாக்கும் அதே தண்ணீரைத் தினமும் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயும் இல்லை. எலும்பைத் தாக்கும் ஃப்ளோரோசிஸ் பற்றிய இந்தியாவின் முதல் விரிவான மருத்துவப் பதிவு, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்துதான் வந்தது. 1937-இல் ஷார்ட்டும் அவருடைய சக மருத்துவர்களும், நெல்லூர் பகுதிக் கிராமங்களில் முதுகு விறைத்து குனிய முடியாமல் போனவர்களைப் பற்றி எழுதினார்கள். அங்கேயும் காரணம் கிணற்று நீர்தான்.

சாதாரணத் தேய்மானத்திலிருந்து இதைப் பிரித்தறிய சில வழிகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் வைக்க முடிகிறதா, கையை மேலே தூக்கி மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா என்ற மூன்றையும் ஃப்ளோரோசிஸ் பரிசோதனையில் பார்ப்பார்கள். முழங்கால் மட்டும் வலிக்காமல் கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து விறைத்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அதன்பிறகு எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃப்ளோரைடு அளவும் சொல்லிவிடும். பல்லில் இருக்கும் பழுப்புக் கறை ஒரு தடயம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், இந்த நீரைக் குடித்தவருக்குத்தான் கறை விழும். வேறு ஊரில் பிறந்து வளர்ந்து இருபது வயதில் மருமகளாக வந்தவருக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் இதே நிலைதான். பல் நன்றாக இருக்கிறது என்று அவர்களை விட்டுவிடுவது பெரிய தவறு.

இதற்கான மருந்து தண்ணீரை மாற்றுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், இரண்டு மாவட்ட மக்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவருவதற்கானது. மூட்டு வலிக்கு இவ்வளவு பெரிய வைத்தியம் தமிழ்நாட்டில் வேறெதுவும் நடந்ததில்லை என்றே சொல்வேன். வீட்டில் செய்ய வேண்டியது எளிது. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று பிரித்துவிட வேண்டும். சமையலையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோறும் களியும் வேகும்போது நிறைய நீரை உறிஞ்சிக்கொள்ளும், அதோடு ஃப்ளோரைடும் வயிற்றுக்குள் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதை நீக்கும். உங்கள் போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்துப் பார்க்கலாம். மூட்டுக்கு ஸ்கேன் எடுக்கும் செலவில் மிகச் சிறு பங்குதான் ஆகும்.

இங்கே நம் சமையலறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், விடுதியில் தங்கிப் படித்த சிறுவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு தினம் 10 கிராம் புளி கொடுத்து 18 நாள் கவனித்தார்கள். சிறுநீர் வழியாக வெளியேறும் ஃப்ளோரைடின் அளவு கூடியது. சிறிய ஆய்வுதான், விறைத்துப்போன முதுகைப் புளி நிமிர்த்திவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் புளியமரங்கள் செழித்த கிருஷ்ணகிரிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன இருக்க முடியும்! கேழ்வரகுக்கும் இதில் இடமுண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வயிற்றில் கால்சியம் இருக்கும்போது ஃப்ளோரைடு அதோடு பிணைந்து, உடம்பில் சேர்வது குறைகிறது. கால்சியம் போதாத உணவு உண்பவர்களைத்தான் ஃப்ளோரோசிஸ் கடுமையாகத் தாக்குகிறது. ஆக, களியும் புளிக்குழம்பும் கீரையும் சேர்ந்த பழைய சாப்பாடு இந்த மண்ணுக்கு ஏற்ற தற்காப்பு. நல்ல தண்ணீர் கூட இருந்தால்தான் அது முழுமையாகும். ஒன்றை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். தேயிலை ஃப்ளோரைடைத் தன் இலையில் சேர்த்து வைக்கும் செடி. ஏற்கெனவே ஃப்ளோரோசிஸ் உள்ளவர்கள் நாளெல்லாம் கடுந்தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லா மூட்டு வலியும் தண்ணீரால் வருவதில்லை. கை விரல்களின் சிறு மூட்டுகள் இரு பக்கமும் ஒன்றுபோல வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்கும் நோய் அது. அதற்கு ஒத்தடமும் தைலமும் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் கழிப்பது, மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போக விடுவதற்குச் சமம். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை பல பத்தாண்டுகளாக அந்த நோயைக் கட்டுப்படுத்தி வருகிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து அது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் சில மாதங்களிலேயே அங்கே காட்டிவிடுவது எந்த மூலிகையையும் விட விரலைக் காக்கும். 2006-இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் செல்லும். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி ஐம்பதைத் தாண்டியவர்களின் முழங்கால் வலியில் பெரும்பங்கு தேய்மானம்தான்.

இப்போது இலைக்கும் எண்ணெய்க்கும் வருவோம். வலிக்கும் இடத்தைத் தேய்த்தால் இதமாக இருப்பது கற்பனை இல்லை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்புச் செய்தி, தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை அடைக்கிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். ஒத்தடத்தின் சூடு தசை இறுக்கத்தைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஆக, புளிய இலை ஒத்தடத்தில் பாதி வேலையைச் சூடும் கையும் செய்துவிடுகின்றன. அதனால் அது பொய் வைத்தியம் ஆகிவிடாது. தாராளமாகச் செய்யலாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்தவர்கள் மட்டும் சூட்டை வேறொருவர் கையால் சோதித்த பிறகே வைக்க வேண்டும், தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

மிளகாயின் கதை இன்னும் சுவையானது. மிளகாயைத் தொட்டால் எரிவதும் சூட்டைத் தொட்டால் சுடுவதும் நரம்பு நுனியில் இருக்கும் ஒரே வாயில் வழியாகத்தான் என்று டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் கண்டார்கள். அதற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாயிலுள்ள கேப்சைசின் கலந்த களிம்பைத் தொடர்ந்து பூசும்போது அந்த நரம்பு நுனிகள் மெல்ல மெல்லச் சோர்ந்துபோய் வலியைச் சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு இது மருத்துவர்களும் ஏற்கும் வழி. அதற்காக மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும். எருக்கம்பாலுக்கும் இதே எச்சரிக்கைதான், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

மஞ்சளைப் பற்றி ஆய்வுகள் நிறைய உண்டு. தாய்லாந்தில் 367 முழங்கால் நோயாளிகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரை எடுத்தவர்களுக்கும் நான்கு வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் கிடைத்தது. வயிற்றுத் தொல்லை மஞ்சள் எடுத்தவர்களுக்குக் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் வீட்டு மஞ்சள் தூளில், வேலை செய்யும் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதமே இருக்கும். ஒரு தேக்கரண்டியில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. குடலும் அதை எளிதில் உள்ளே விடாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு, மிளகிலுள்ள பைப்பரின் கூடச் சேர்ந்தால் குர்குமின் பல மடங்கு ஏறுகிறது என்று காட்டியது. மிளகும் மஞ்சளும் போட்ட ரசம் உடம்புக்கு நல்லது, சந்தேகமே வேண்டாம். மாத்திரையின் இடத்தை அது பிடித்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முடக்கத்தானைப் பொறுத்தவரை எலிகளில் வீக்கம் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் அதற்கு நிகரான சான்று இன்னும் சேரவில்லை. கீரை என்ற அளவில் அது நல்ல உணவு, வாரம் இரண்டு நாள் தோசைக்கு அரைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை.

எந்த வைத்தியமும் கொஞ்சம் கேட்பது போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடிப் போகிறோம். அடுத்த வாரம் அது தானாக இறங்கும், பெயர் மருந்துக்குப் போகும். அமெரிக்காவில் 1,583 பேரிடம் மூட்டு வலிக்கான குளுக்கோசமைன் மாத்திரையைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில்கூட 60 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. குளுக்கோசமைன் மட்டும் எடுத்தவர்களுக்கு மொத்தத்தில் அதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நம்மூரில் இன்றும் அந்த மாத்திரைக்கு மாதாமாதம் நூற்றுக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து பெயர் தெரியாத பொடியில் இருக்கிறது. ‘சுத்தமான மூலிகை’ என்று சொல்லி விற்கும் பொடியைச் சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்தோடிவிட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள், பயப்படுங்கள். எந்த மூலிகையும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஸ்டீராய்டு செய்யும். இப்படி விற்கும் பொடிகளில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததை ஆய்வகங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து போகும். திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு நிலைகுலையும் என்பதால், மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதே சரி. கடையில் ‘வலி மாத்திரை நாலு கொடுங்க’ என்று வாங்கும் டைக்ளோபினாக்கும் அன்றாடம் தின்பதற்கானது அல்ல. மாடுகளுக்குப் போட்ட அந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றை இந்திய வானத்திலிருந்தே ஏறக்குறைய துடைத்துவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மெலிந்தது இல்லைதான். ஆனால் வெயிலில் கல் உடைத்து, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், ரத்தக் கொதிப்போடு இருப்பவருக்கு அந்த மாத்திரை பெரிய சுமை. அதே மருந்து ஜெல்லாகக் கிடைக்கிறது. முழங்காலில் தேய்த்தால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், வலியும் குறையும். தைலத்துக்குப் பழகிய கைக்கு இது சிரமமான மாற்றம் இல்லை.

இனி, தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லும் மருந்து என்னவென்றால், தொடைத் தசையை வலுவாக்குவது. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. கடற்பஞ்சு போல, அழுத்தும்போது பழைய நீரை வெளியேற்றி, விடும்போது மூட்டு நீரிலிருந்து புதுச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவு நின்றால் அதன் சாப்பாடும் நின்றுவிடும். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் கட்டிலோடு இருப்பவர்களுக்குத் தொடைத் தசை மெலிகிறது, சுமை முழுவதும் மூட்டில் இறங்குகிறது, வலி கூடுகிறது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனதுக்குள் பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அது பழகிய பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலர் விட்டுவிடுவது மூன்றாவது வாரத்தில்தான். உடல் எடை கூடியவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் மெஸ்ஸியர் குழுவினர் 2005-இல் அளந்து சொன்னார்கள்.

இந்தப் பயிற்சியைச் சொல்லித்தர ஆள் வேண்டுமே என்றால், ஆள் வீட்டுக்கே வரும் ஏற்பாடு இந்த மாவட்டத்திலிருந்துதான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத்தான் பலருக்குத் தெரியும். இயன்முறை மருத்துவரும் அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருவார். பாட்டிக்கு மாத்திரை வாங்கும்போது முழங்காலையும் காட்டிப் பயிற்சி கேட்டுக்கொள்ளலாம், கேட்காததால்தான் பலருக்கு அது கிடைக்காமல் போகிறது.

வேலை செய்யும் இடம் மாறாமல் முழங்கால் மட்டும் மாறாது. மண்டியிட்டும் குந்தியும் சுமை தூக்கியும் செய்யும் வேலைகள் முழங்கால் தேய்மானத்தைக் கூட்டுகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. கல் பட்டறையில் குந்தி வேலை செய்பவருக்குத் தடித்த முழங்கால் உறையும் ஒரு சாண் உயர முக்காலியும் எந்தத் தைலத்தையும் விடப் பயன்படும். மாந்தோப்பில் காய் பிரிக்கும் பெண்கள் தரையில் உட்காராமல் மேசை உயரத்தில் நின்றும் உட்கார்ந்தும் மாறி மாறிச் செய்யலாம். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை கட்ட முடியாதவர்கள், நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியைக் குந்தும் கழிப்பறை மேல் போட்டுக்கொள்ளலாம், செலவு குறைவு.

துணிக்கடைகளுக்குப் பேர்போன பர்கூரில், காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களின் கால்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்காக ஒரு சட்டமே இருக்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை வைத்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்வது இனிமேல் முதலாளி பார்த்துக் கொடுக்கும் சலுகை இல்லை, ஊழியரின் உரிமை. அந்த ஸ்டூல் கடைக்குள் வந்திருக்கிறதா, வந்திருந்தால் அதன்மேல் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா அல்லது ஆள் உட்கார முடிகிறதா என்று புடவை எடுக்கப் போகும் நாமே கேட்கலாம்.